கடன் கொப்பியும் காலக்கணக்கும்

சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது கிராமத்தவரின் மனத்திலே தோன்றுவன இரண்டு. ஒன்று பொலிஸ் நிலையம். மற்றது காணி வழக்கு. முன்னையது அச்சத்துக்குரியது, பின்னையது பேரன் காலம்வரை நீள்வது. இவ்விரண்டுக்கும் இடையே மனிதனின் அன்றாட வாழ்வைத் தொட்டுநிற்கும் சட்டம் ஒன்று உண்டு. வீதியிலே ஒருவன் காலை முறித்துவிட்டால் அதற்குரிய நட்டத்தை யார் ஈடு செய்வது, கடைக்காரரிடம் வாங்கிய கடன் எத்தனை காலத்துக்குக் கடனாக நிற்கும் என்பன போன்ற எளிய வினாக்களுக்கு விடை கூறும் சட்டம் அது. இவ்வினாக்கள் இரண்டும் ஒரே காலத்தில் எமது வீட்டு வாசலுக்கு வந்தன. அப்போது அவற்றை வினாக்களாக நான் அறிந்திருக்கவில்லை. அறிந்த கதையையும், அறியப் பிந்திய கதையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் பிறந்த ஊர் வண்ணாத்திவில்லு. புத்தளம் நகருக்கு வடக்கே, எலுவன்குளத்தை நோக்கிச் செல்லும் வீதியிலே அமைந்தது. வடக்கே வில்பத்துக் காடு, மேற்கே புத்தளம் களப்பு, நடுவே மரமுந்திரிகைத் தோட்டங்களும் சிறு வயல்களும். மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளத்தை எமது பகுதியார் வில்லு என்பர். ஊர்ப்பெயரின் பிற்பாதி அதுவே. களப்பிலே பிடிபடும் மீனை அதிகாலையில் வாங்கிவந்து ஊருக்குள் கூவி விற்பது வாப்பாவின் தொழில். முன்னர் மோட்டார் சைக்கிளின் பின்னே பெட்டி கட்டி விற்றார். 2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருள் அற்றுப்போய், ஒரு லீற்றர் பெற்றோலுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற காலத்திலே, மோட்டார் சைக்கிளைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டுப் பழைய துவிச்சக்கரவண்டியைத் துடைத்து எடுத்தார்.

அவ்வாண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள், வெள்ளிக்கிழமை. இருள் கவியும் வேளையில் வெற்றுப் பெட்டியுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்த வாப்பாவைப் பின்னால் வந்த டிப்பர் லொறி ஒன்று மோதியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் முறிந்தது. அரசாங்க வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சை செய்து உலோகத் தகடு பொருத்தினர். சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் போக்குவரத்துக்கும், உடனிருப்போரின் உணவுக்கும், யாவற்றுக்கும் மேலாக உழைப்பவர் படுத்துவிட்ட வீட்டின் அடுப்புக்கும் பணம் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் லொறி உரிமையாளரின் சார்பிலே இருவர் வந்தனர். மரியாதையாகப் பேசினர், வாப்பாவின் தலைமாட்டிலே அமர்ந்து அனுதாபம் தெரிவித்தனர். இருபத்தையாயிரம் ரூபா கொண்ட உறை ஒன்றையும், சிங்களத்தில் எழுதிய தாள் ஒன்றையும் நீட்டினர். வாப்பா சிங்களம் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. "மகள், இதில என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவை எதிர்பார்த்திருந்த காலம் அது. வீட்டில் படித்தவள் என்ற பெயர் எனக்கே உரியதாயிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னேன்: பணம் பெற்றுக்கொண்டேன், இவ்விபத்து தொடர்பாக இனி எவ்வித கோரிக்கையும் எனக்கில்லை. வாப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் கையொப்பமிட்டார்.

அத்தலையசைப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்து ஓராண்டு கழிந்தபின், 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் நாள், வரலாற்றுப் பாடத்துக்கான கட்டுரை ஒன்றின் பொருட்டுப் பிரித்தானியர் காலத்துக் கட்டளைச் சட்டங்கள் அடங்கிய தொகுதியொன்றை நூலகத்திலே புரட்டிக்கொண்டிருந்தேன். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கண்ணிற்பட்டது. எவ்வகை வழக்கை எத்தனை காலத்துக்குள் தொடுத்தல் வேண்டும் என்று வரையறுக்கும் சட்டம் அது. நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதன் ஒன்பதாம் பிரிவு, இழப்பு, காயம், சேதம் ஆகியவற்றுக்கான வழக்கு, அதற்குரிய காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படல் வேண்டும் என்று கூறுகிறது. நான் விரல்விட்டு எண்ணினேன். வாப்பாவின் இரண்டு ஆண்டுகள் முடிந்து அறுபத்தெட்டு நாட்கள் ஆகியிருந்தன.

அன்று மாலை சட்டம் பயிலும் நண்பி ஒருத்தியைத் தேடிச் சென்று, வாப்பா ஏன் வழக்கிடவில்லை என்பதற்கு அவர் எமக்குக் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். அவை நான்கு. எமது கிராமங்களிலே இத்தகைய நிலைக்கு ஆளாகும் எவரும் கூறக்கூடியவை ஆதலின், அவற்றையும் அவற்றுக்குச் சட்டம் கூறும் விடையையும் இங்கே தருகின்றேன்.

முதலாவது காரணம், "என் சைக்கிளிலே விளக்கு இருக்கல்ல, பிழை என்னிலதான்" என்பது. பழைய சட்டத்தின்படி, காயமுற்றவன் பக்கத்திலும் கவனக்குறைவு இருப்பின் அது அவனது கோரிக்கையை முழுவதுமே அழித்துவிடக்கூடியதாயிருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இந்நிலையை மாற்றியது. இரு தரப்பிலும் தவறு இருப்பின் நீதிமன்றம் தவறைப் பங்கிட்டு, காயமுற்றவரின் பங்குக்கு ஏற்ற அளவு நட்டஈட்டைக் குறைக்கும், இல்லாமற் செய்யாது. விளக்கில்லாத சைக்கிளில் சென்றவரின் கோரிக்கையின் ஒரு பகுதி குறைந்திருக்கலாம். எஞ்சியது அவருடையதே.

இரண்டாவது, "பொலிஸ் வழக்கு முடிஞ்சு போச்சே" என்பது. சாரதி நீதவான் நீதிமன்றத்திலே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்தினார். அத்துடன் நியாயம் தீர்ந்தது என்று வாப்பா கருதினார். தண்டப்பணம் அரசாங்கத்துக்குச் செல்வது; முறிந்த காலுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. குற்றவியல் வழக்கு அரசுக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் இடையிலானது. நட்டஈட்டு வழக்கோ காயமுற்றவர் மாவட்ட நீதிமன்றத்திலே தாமே தொடுக்க வேண்டிய குடியியல் வழக்கு. ஒன்று முடிவதனால் மற்றது முடிவதில்லை. குற்றவியல் வழக்கிலே நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிறுவுதல் வேண்டும். குடியியல் வழக்கிலே நிகழ்ந்திருக்கக்கூடியது எது என்பதன் பக்கம் தராசு சாய்ந்தாற் போதும்.

மூன்றாவது காரணம் வாப்பாவின் இயல்பைக் காட்டுவது. "அந்தப் பொடியனும் ஏழைதான். அவன்ட வயித்தில அடிக்கலாமா?" என்பார். சாரதி இருபத்திரண்டு வயது இளைஞன்; கூலிக்கு லொறி ஓட்டியவன். இவ்விரக்கத்தை நான் குறை கூறேன். ஆனால் சட்டம் அவ்விளைஞனின் சட்டைப்பையை மாத்திரம் நோக்குவதில்லை. வேலையின்போது பணியாள் செய்யும் தவறுக்கு அவனை வேலைக்கமர்த்தியவர் பொறுப்பாளியாவார். அதற்கும் அப்பால், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. வழக்குத் தொடுக்குமுன்னரோ, தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்படின், உடற்காயத்துக்கான தீர்ப்புத் தொகையை அந்நிறுவனமே செலுத்த வேண்டிய கடப்பாடு எழுகிறது. ஏழைச் சாரதியின் வீட்டு உலையில் கைவைக்காமலே எமது உலை கொதித்திருக்கலாம்.

நான்காவது, "கையொப்பம் வச்சிட்டேனே" என்பது. இதுவே கடினமானது. தெரிந்து, விளங்கி, மனமொப்பிச் செய்துகொண்ட இணக்கம் கோரிக்கையை முடித்துவிடக்கூடும். வாசிக்கத் தெரியாத மொழியிலே, வைத்தியசாலைக் கட்டிலிலே, விபத்து நிகழ்ந்து மூன்றாம் நாளில் இடப்பட்ட கையொப்பம் அத்தகையதா என்பது நீதிபதி ஆராய்ந்து தீர்க்க வேண்டிய வினா. அவ்வினாவை எழுப்புதற்குரிய காலமே கடந்துவிட்டது. நண்பி இதனைக் கூறும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாளை வாசித்துக் காட்டியவள் நான் என்பதை அவளிடம் முன்னரே சொல்லியிருந்தேன்.

வாப்பா பெற்றிருக்கக்கூடியது என்ன? இந்நாட்டின் தீங்கியல் சட்டம் உரோமன் டச்சுச் சட்டத்தை அடியாகக் கொண்டது. செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், காயமுற்றவர் அனுபவித்த நோவு, உடலில் எஞ்சிய ஊனம் ஆகியன அதில் கணக்கிடப்படுகின்றன. அதன் எல்லையையும் அறிதல் நன்று. பேராசிரியர் பிரியானி சொய்சா தொடர்பான வழக்கிலே, நோயுற்று இறந்த ஒரு சிறுமியின் தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா வழங்கியது. 2001ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம், கவனக்குறைவே மரணத்துக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று வழக்கைத் தள்ளியதோடு, பிள்ளையை இழந்த துயரத்துக்கு இச்சட்டத்தில் விலையில்லை, பண இழப்புக்கே ஈடு உண்டு என்றும் வலியுறுத்தியது. ஆகவே உம்மா அழுத இரவுகளுக்கு எந்த நீதிமன்றமும் கணக்குப் பார்த்திராது. வாப்பா உழைக்க இயலாதிருந்த ஒன்பது மாதங்களுக்குப் பார்த்திருக்கும்.

வாப்பா ஒரு முதலாளியின் கீழ் வேலைசெய்தவராயின் நிலைமை வேறாக இருந்திருக்கும். வேலையின்போது காயமுறும் தொழிலாளிக்கு, முதலாளியின் கவனக்குறைவை நிறுவ வேண்டிய தேவையின்றியே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நட்டஈடு வழங்குகிறது. உப்பளத்திலும், அறுவைக்காட்டுச் சுண்ணாம்புக்கல் அகழ்விலும் வேலை செய்யும் எமது அயலவர்க்கு அது உரியது. 2022ஆம் ஆண்டின் திருத்தம், வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நிகழும் விபத்துகளையும் அதனுள் அடக்கியது. தானே முதலாளியும் தானே தொழிலாளியுமான மீன் வியாபாரிக்கு அக்குடை கிடையாது. அவருக்கிருந்தது மாவட்ட நீதிமன்றம் ஒன்றே. அதன் கதவு இரண்டு ஆண்டுகள் திறந்திருந்து மூடிக்கொண்டது.

இனி மற்றக் கணக்கு.

வாப்பா படுத்திருந்த காலத்திலே எம்மைக் காத்தவை இரண்டு கடன்கள். ஒன்று சந்திக் கடை நாநாவின் கொப்பி. அரிசியும் மாவும் சீனியும் வாராவாரம் விலையேறிக்கொண்டிருந்த அக்காலத்தில், பணமின்றிச் சென்ற உம்மாவை அவர் ஒருநாளாவது வெறுங்கையுடன் திருப்பி அனுப்பவில்லை. நவம்பர் மாதத்தில் கொப்பியின் கூட்டுத்தொகை 23,640 ரூபாவாயிருந்தது. அதற்கு வட்டி இல்லை, கையொப்பம் இல்லை.

மற்றது வாராவாரம் வீடு தேடி வந்து அறவிடும் நுண்நிதிக் கடன். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணைநின்று பெறுவது. உம்மா பெற்றது அறுபதாயிரம். வாரத்துக்கு 1,650 ரூபாவாக 52 வாரங்கள் செலுத்த வேண்டும். உம்மா வாரத்தொகையை மாத்திரமே பார்த்தார். பின்னர் நான் கணக்கிட்டபோது மொத்தம் 85,800 ரூபா வந்தது. மேலோட்டமாக நோக்கின் ஆண்டுக்கு 43 வீத வட்டி. வாரந்தோறும் முதல் குறைந்துகொண்டே போவதைக் கருதின் உண்மை வட்டி அதனிலும் ஏறக்குறைய இருமடங்கு. ஒரு வாரம் தவறினால் அறவிட வந்தவர் இரவு எட்டு மணிவரை திண்ணையிலே அமர்ந்திருப்பார். பொலிஸில் சொல்வதாகவும் கூறுவார். பிணைநின்ற நான்கு வீட்டுப் பெண்களும் படலையடியில் நிற்பர். அந்நாணத்துக்கு அஞ்சியே உம்மா கட்டினார். அது முடிந்தபோது, நான் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட வேண்டியிருந்தமையால், இன்னொன்றை எடுத்தார். எனது பெட்டியும் படுக்கையும் அக்கடனில் வாங்கியவை.

கடன் கொடுக்க இயலாமை குற்றமன்று என்பதை அன்று நாம் அறியோம். ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற இயலாமை என்ற ஒரே காரணத்துக்காக எவரும் சிறைவைக்கப்படலாகாது என்பது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பதினோராம் உறுப்புரை. இலங்கை அவ்வுடன்படிக்கையை 1980இலேயே ஏற்றுக்கொண்டது. கடன் அறவிடுதல் நீதிமன்றத்தின் பணி. பொலிஸ் நிலையத்தின் பணியன்று. உம்மாவைப் போன்ற பெண்களின் துயர் நாடறிந்தது. 2018ஆம் ஆண்டிலே அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத, நிலுவையில் கிடந்த பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2021ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே பெண்கள் வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கினர். எனினும் எமது திண்ணைக்கு அச்செய்திகள் உரிமையாக வந்து சேரவில்லை. பத்திரிகைச் செய்தியாகவே வந்து போயின.

ஒன்பதாம் பிரிவை நான் கண்ட அதே பக்கத்திலே எட்டாம் பிரிவும் இருந்தது. விற்று ஒப்படைத்த பொருள்களுக்கும், கடைச் சிட்டைக்கும், கொப்பிக் கடனுக்குமான வழக்கு, கடன் கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்கப்படல் வேண்டும். கடை நாநாவுக்கு நாம் ஒரு சதமும் செலுத்தாமலே ஓராண்டும் ஒன்பது மாதமும் கடந்திருந்தன. வாப்பாவின் உரிமையைப் பறித்த சட்டமே எமது கடனையும் வழக்குக்கு அப்பாற் கொண்டுபோய்விட்டிருந்தது. இரண்டு ஆண்டில் எமது கோரிக்கை இறந்தது. ஓராண்டில் கடைக்காரரின் வழக்கு இறந்தது. நட்டத்துக்கு ஒரு சிறு ஈடாவது கிடைத்ததென்ற எண்ணத்துடன் ஊருக்குச் சென்றேன்.

சமையலறை வாயிலில் அமர்ந்து உம்மாவிடம் விளக்கினேன். இனி நாநா வழக்கிட முடியாது. ஆனால் ஒரு பகுதியையேனும் செலுத்தினாலோ, கடன் உண்டென்று எழுதிக் கையொப்பமிட்டாலோ காலக்கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடலாம். ஆதலால் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம் என்றேன். உம்மா மீன் அரிவதை நிறுத்தவில்லை. "அந்த மனுசன் அரிசி நிறுத்துத் தந்த நாளையில சட்டம் பார்த்தா தந்தாரு?" என்று மாத்திரம் கேட்டார்.

நான் வாயடைத்தேன். பின்னர் அப்பிரிவைத் திரும்ப வாசித்தபோது உம்மாவின் பக்கத்திலேயே சட்டமும் நிற்பதைக் கண்டேன். வழக்கு எழாது என்றுதான் அப்பிரிவு கூறுகிறது. கடன் இல்லை என்று கூறவில்லை. நீதிமன்றத்தின் கதவு மூடுகிறது. மனிதரின் கதவு மூடுவதில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் இரண்டாவது நுண்நிதிக் கடன் தீர்ந்ததும், ஒக்டோபர் தொடக்கம் மாதம் ஈராயிரமாகக் கொப்பிக் கடனைச் செலுத்தத் தொடங்கினார். பன்னிரண்டாம் மாதம் எஞ்சியது 1,640 ரூபா. நாநா பக்கங்களின் குறுக்கே கோடிட்டு, கொப்பியை எம்மிடமே தந்துவிட்டார்.

அக்கொப்பி இப்போது என் மேசையிலே இருக்கிறது. அதனைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். எமது மக்கள் தாம் கொடுக்க வேண்டியதை மறப்பதேயில்லை. எந்த நாளில் எத்தனை கொத்து அரிசி வாங்கினோம் என்பது உம்மாவுக்கு மனப்பாடம். தமக்கு வர வேண்டியதையோ அவர்கள் எண்ணத் தொடங்குவதேயில்லை. கடனுக்குக் கொப்பி வைத்திருந்தோம், உரிமைக்கு வைத்திருக்கவில்லை. இவ்விரண்டில் முன்னையது எமது நற்குணம். அதை நாம் கைவிடலாகாது. பின்னையது எமது அறியாமை. அதை நற்குணமென்று எண்ணி ஆறுதல் கொள்ளலாகாது.

ஏழையால் வழக்காட முடியுமா என்று கேட்போர் உளர். 1928ஆம் ஆண்டிலே ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரிலே, நத்தை கிடந்த போத்தலிலிருந்து இஞ்சிப்பானம் அருந்தி நோயுற்ற டொனகியூ என்னும் பெண், வழக்குச் செலவுக்கு வழியற்றவர் என்று நிறுவியே பிரபுக்கள் சபைவரை சென்றார். 1932இல் அவ்வழக்கிலே பிறந்த விதி, உற்பத்தியாளரை நுகர்வோருக்குப் பொறுப்பாளியாக்கி, உலகெங்கும் சட்டக் கல்லூரிகளிலே இன்றும் பயிலப்படுகிறது. எமது நாட்டிலும் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வசதியற்றோருக்குச் சட்டத்தரணியை அளிக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளிலே சட்டத்தரணியின்றியே சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கலாம். வாயில்கள் உள. அவற்றுக்குச் செல்லும் வழியை, எமது தாய்மொழியிலே, காலத்துக்கு முன் சொல்வாரே அரியர்.

அதனைச் சொல்ல வேண்டியோர் யார்? சட்டத்தரணிகள் மாத்திரம் அல்லர். ஒவ்வொரு கிராமத்திலும் முதன்முதல் பல்கலைக்கழகம் புகுந்தவர் முன்னே எவரேனும் ஒரு தாளைக் கொண்டுவந்து "இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பர். எழுத்துக்கூட்டி வாசித்தல் அதற்கு விடையாகாது என்பதை நான் பெரும் விலை கொடுத்துக் கற்றேன். கடைக் கடனுக்கு ஓராண்டு, உடற்காயத்துக்கு இரண்டு ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு, எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு என்ற நான்கு எண்களை அறிந்துகொள்ளச் சட்டப் பட்டம் வேண்டியதில்லை.

வாப்பா இப்போது கூவி விற்பதில்லை. சந்தியிலே ஒரு பலகையில் அமர்ந்து விற்கிறார். சென்ற விடுமுறையில் நான் வீட்டிலிருந்தபோது, அயலூர்ப் பெண் ஒருவர் அவரைத் தேடி வந்தார். கணவரை மோட்டார் வாகனம் ஒன்று மோதி நாற்பது நாளாயிற்றென்றும், மற்றத் தரப்பார் தாள் ஒன்று தந்திருப்பதாகவும் கூறினார். வாப்பா மீனை நிறுத்துக்கொண்டே, "கையொப்பம் வைக்க முதல் எங்கட மகளிட்டக் காட்டுங்க" என்றார்.

தாளை இருமுறை வாசித்தேன். கையொப்பமிட வேண்டாம், முதலில் சட்ட உதவி நிலையத்துக்குச் செல்லுங்கள் என்றேன். பின்னர் அதன் மூலையிலே, விபத்து நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டை எண்ணி, முடிவுநாளை எழுதிக் கொடுத்தேன்.